நாக்கடியில் வெற்றிலை

இரும்பு ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான், ஈரம்தானே, வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிகூட மழைக்கு இப்படித்தான் வழுக்கும், பிடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான், கீழே பார்க்கக் கூடாது, பார்த்தாலும் ஒன்றுமில்லை, வெள்ளை, பள்ளம் முழுக்க மூட்டம் பொங்கி நிற்கிறது, எவ்வளவு ஆழம் என்று தெரியாதது நல்லதா கெட்டதா, நல்லது என்றே வைத்துக்கொள்கிறேன். பருவதமலை பருவதமலை என்று இவர்கள் வீட்டில் பேசும்போதெல்லாம் கோயில், படிக்கட்டு, வழியில் மோர் என்றுதான் மனதில் வந்தது. கடப்பாரைப் படி என்றபோதுகூட அது சும்மா ஒரு பெயர் என்று நினைத்தேன். நிஜமாகவே கடப்பாரைகள். மொட்டைப் பாறையில் துளைபோட்டு நட்டிருக்கிறார்கள், பக்கத்தில் சங்கிலி, ஒன்றில் கால் வைத்து அடுத்ததைப் பிடித்து, அதில் கால் வைத்து அடுத்ததைப் பிடித்து, மாட்டின் முதுகெலும்பு போல ஒடுங்கின பாறை, இந்தப் பக்கமும் பள்ளம் அந்தப் பக்கமும் பள்ளம், ஒருவர் குதிகால் அடுத்தவர் மூக்குக்கு நேரே. என் மூக்குக்கு நேரே என் வீட்டுக்காரருடைய குதிகால். வெடிப்பில் சேறு. குதிகாலுக்கு மேலே மடித்துக் கட்டின வேட்டி, வேட்டிக்கு மேலே முதுகு, முதுகில் அவர் அக்கா, என் அண்ணியின் பழைய நூல் புடவையில் மூட்டையாகக் கட்டப்பட்டு என் பிள்ளை. ருத்விக். பெயரைச் சொல்லக் கூடாது, எதையுமே சொல்லக் கூடாது, மனசுக்குள் சொல்லலாம், மனசுக்குள் சொன்னால் கணக்கில்லை என்று அண்ணியே சொல்லிவிட்டார். ருத்விக், ருத்விக், ருத்விக். இரண்டு வயது முடிந்து தீபாவளியும் வந்துவிட்டது, அம்மா என்று இன்னும் ஒரு தடவை சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த ஏற்றம். காலையில் அடிவாரத்தில் பச்சையம்மன் கோயிலில் குளித்து ஈரத்தோடு நின்றபோது அண்ணி ஒரு கொழுந்து வெற்றிலையைச் சுருட்டி என் நாக்கடியில் வைத்தார். உச்சியில் லிங்கத்துக்கு என் கையால் பால் ஊற்றுகிறவரை பேச்சு கிடையாது. இலையில் பல் படக் கூடாது. எச்சில் இலையைச் சாமியிடம் வைக்க முடியாது, கோயிலுக்குப் பின்னால் பாறைப் பொந்தில் முழுசாக வைத்துவிட்டு வர வேண்டும். "பெத்தவ வாய வாங்கிக்கினு பிள்ளைக்குக் குடுக்கும் இந்த மலை. உன் வீட்டுக்காரனுக்கு நாலு வயசு வரைக்கும் வாய் வர்ல, எங்கம்மா இலை வச்சிக்கினு ஏறுச்சு, எறங்கி ஒரு மாசத்துல பேசிட்டான். இப்ப பாரு, நிறுத்துன்னாலும் நிறுத்தறானா."

அண்ணி என் பின்னால்தான் வருகிறார். அவர் பேசிக்கொண்டே வருகிறார். தன் காலோடு பேசுகிறார், கடப்பாரையோடு பேசுகிறார், தனக்குப் பின்னால் வருகிற செய்யாறுக்காரரோடு பேசுகிறார். "தம்பி, நீ இன்னா வேண்டுதலு?" "வேண்டுதல்லாம் இல்லக்கா, டாக்டர் எடையக் குறைக்கச் சொன்னாரு." "அதுக்கு மலையா கெடச்சிது? சோத்தக் குறைச்சா போறாதா?" அவர் மூச்சுவாங்கச் சிரிக்கிறார். மேலேயிருந்து இவரும் சிரிக்கிறார், "எங்கக்கா சொல்றாங்க பாருங்க, அவங்களுக்கு மூணு வேளையும் சோறு." பிறகு என்னைக் கேலி செய்யாவிட்டால் அவருக்கு ஆகாது, திரும்பாமலே குரல் கொடுக்கிறார், "கல்யாணம் ஆனதிலேர்ந்து இன்னிக்குத்தான் சார் நான் பேசறத ஒருத்தி முழுசா கேட்டுக்கினு வர்றா." செய்யாறுக்காரர் மறுபடி சிரிக்கிறார். நான் சிரிக்க முடியாது. உதட்டை இழுத்தால் எச்சில் ஊறி இலை நகர்கிறது. இலையின் காரம் முதலில் நாக்கடியில் இருந்தது, இப்போது தொண்டையில் இருக்கிறது, காதுக்குள் இருக்கிறது, காம்பு ஈறில் குத்திக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்கவும் வாயில்லை, குடித்தால் இலையும் போய்விடுமோ என்று காலையிலிருந்து குடிக்கவில்லை. பிள்ளை பேசினால் என்ன பேசுவான். முதலில் என்ன சொல்வான். அம்மா சொல்ல வேண்டாம், தண்ணி சொல்லட்டும், போ சொல்லட்டும், பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிற கெட்ட வார்த்தையைச் சொல்லட்டும், அடிக்காமல் அள்ளி முத்தம் கொடுப்பேன். ஆறாம் மாசம் வரைக்கும் ங்கா ங்கா என்றான். கேட்டேன், என் காதால் கேட்டேன். அப்புறம் விசிறி வேகம் குறைகிற மாதிரி மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. எந்த நாளில் நின்றது என்றுகூடத் தெரியாது. நின்று வெகு நாள் வரை நின்றதே தெரியவில்லை. சிரிப்பான், அழுவான், விரலை நீட்டி நீட்டிக் காட்டுவான், கண் மட்டும் வண்டு மாதிரி எல்லாவற்றின் மேலும் போய் உட்காரும். ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போளூரில் டாக்டர் மட்டும் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், எதுக்கும் வேலூர் போய்க் காதுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. எதுக்கும். அந்த 'எதுக்கும்' இருக்கிறதே, ராத்திரி பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடும்போதெல்லாம் அது வந்து பக்கத்தில் உட்காரும்.

டெஸ்ட் நான் எடுத்தாயிற்று. ஒருத்தருக்கும் தெரியாமல் வீட்டிலேயே எடுத்தேன். அவனுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டேன், திரும்பினான், உயிர் வந்தது, அப்புறம் பார்த்தால் டம்ளர் உருண்டு அவன் காலில் பட்டிருக்கிறது. கை தட்டினேன், திரும்பினான், சந்தோஷமாக அடுப்படிக்குப் போய் நின்றபோது தோன்றியது, பின்னால் ஜன்னல், வெயில், என் நிழல் அவன் முன்னால் விழுந்திருக்குமே. பூஜை மணியைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆட்டினேன், திரும்பவில்லை, மறுநாள் ஆட்டினேன், திரும்பினான், ஆனால் அதே நேரம் பூனை குதித்தது. குக்கர் விசில் வந்தால் அடுப்படியைப் பார்ப்பான், குக்கரைப் பார்க்கிறானா, விசிலுக்கு ஓடுகிற என்னைப் பார்க்கிறானா. எல்லாப் பரீட்சையிலும் பாதி மார்க். பாஸுமில்லை பெயிலுமில்லை. வேலூருக்கு நாள் வாங்கியிருந்தோம், அண்ணிதான், "மலை ஏறிட்டு வந்து பாத்துக்கலாம், சாமி வாய் குடுக்கறதுக்கு முன்னாடி மிஷின்ல கொண்டுபோய் வைப்பியா" என்றார், இவர் என்னைப் பார்த்தார், நான் வேண்டாம் போகலாம் என்று சொல்லியிருக்கலாம், சரி என்று தலையாட்டினேன், தலையாட்டினபோது நெஞ்சில் ஏதோ இறங்கினது, நிம்மதிதான் அது, இன்னும் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கலாம் என்கிற நிம்மதி. அந்த வார்த்தையை மனசுக்குள்ளும் சொல்வதில்லை. கணக்கில்லைதான். இருந்தாலும் அதை மட்டும் சொல்வதில்லை. அது வருகிறபோதெல்லாம் வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன், இட்லிக்கு ஊறப்போட்டோமா, கேஸ் மூடினோமா. இப்போது நினைக்க இரும்பு இருக்கிறது. அடுத்த இரும்பு. பிடி. கால் வை. சங்கிலி சில்லென்று உள்ளங்கையில் அறுக்கிறது. பாறையில் என் கட்டைவிரல் தேடித் தேடி ஒரு சொரசொரப்பைக் கண்டுபிடிக்கிறது, காலுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை.

காற்று இப்போது பக்கவாட்டில் அடிக்கிறது. புறப்பட்டபோது வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது, ஐப்பசி மாசத்து வானத்தை யார் நம்பச் சொன்னார்கள், படிக்கட்டு முடிகிற இடத்தில் தூறல், பாறை தொடங்குகிற இடத்தில் மூட்டம், அங்கே நின்று இவர் என் முகத்தைப் பார்த்தார், "எறங்கிடலாமா? கண்ணக் காட்டு போதும்." நான் கண்ணைக் காட்டியிருந்தால் இறங்கியிருப்போம். காட்டவில்லை. காலையிலிருந்து சுமந்த இலையை எங்கே கொண்டுபோவது. இப்போது மூட்டத்துக்குள் எங்கோ வெளிச்சம் ஒன்று கண் சிமிட்டுகிறது. சிமிட்டிக் கொஞ்ச நேரம் கழித்து உறுமல். தூரம்தான். தூரம்தானா. கான்வென்ட்டில் பிஸிக்ஸ் மிஸ் கரும்பலகையில் மாதா கோயில் கோபுரம் வரைந்து, உச்சியில் ஒரு கம்பி வரைந்து, மின்னல் உயரமான இடத்தைத் தேடும், இரும்பைத் தேடும் என்று சிவப்புச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. நாங்கள் எல்லோரும் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கத்திலேயே உயரமான இடத்தில் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறோம். வரிசையில் நிற்பதும் வாய் மூடுவதும் எனக்குப் புதுசா என்ன. மணி அடித்ததும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வராந்தாவில் போக வேண்டும், சிஸ்டர் அலோஷியா மாடிப்படி முனையில் நிற்பார், செருப்புச் சத்தம்கூட வரக் கூடாது, வாரக் கடைசியில் பேசாத பெண்ணுக்கு நீல ரிப்பன், எத்தனை ரிப்பன் வாங்கியிருப்பேன், சமர்த்து, சத்தமே இல்லாத பெண், பெண் பார்க்க வந்தபோதுகூட அதைத்தானே சொன்னார்கள், வீட்டில் இருக்கிறதே தெரியாது. அவ்வளவு சத்தமில்லாத ஒருத்திக்கு அதைவிடச் சத்தமில்லாமல் ஒரு பிள்ளை. என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டானோ. வயிற்றில் இருக்கும்போதே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு இருந்தானோ. சீ, என்ன நினைப்பு. சிவசிவா என்று நினை. நமச்சிவாய என்று நினை. நினைக்கிறேன், நினைக்க நினைக்க நடுவில் மாதா ஜெபம் வந்து நுழைந்துகொள்கிறது, பள்ளிக்கூடத்தில் முட்டிபோட்டுச் சொன்னது, அதற்கு என் அனுமதி வேண்டியதில்லை, பயம் வந்தால் அதுவாக ஓட ஆரம்பிக்கும், சாமி கோவித்துக்கொள்ளுமா, கோவித்துக்கொள்ளாதே, அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தான்.

முடிச்சு. காலையில் அண்ணி கட்டினது இடது தோளில் இருந்தது, இரண்டு சுற்றுச் சுற்றி மார்புப் பக்கம் வைத்து இறுக்கினது. பாறை தொடங்குகிற இடத்தில் பிள்ளை ஒன்றுக்குப் போய் நனைத்துவிட்டான் என்று இவர் அவிழ்த்தார், பிழிந்தார், அண்ணி அப்போது யாரிடமோ கற்பூரத் தீப்பெட்டி நனையாமல் வைப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார், இவரே மறுபடி கட்டிக்கொண்டார். முடிச்சு முதுகுப் பக்கம் போய்விட்டது. அவர் கைக்கு எட்டாத இடத்தில், என் கண்ணுக்கு நேரே. ஷூ லேஸ் போடுகிற மாதிரி ஒரு முடிச்சு. நான் அவர் கையைத் தொட்டு முதுகைக் காட்டினேன், விரலை வளைத்து இறுக்கிக் காட்டினேன். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்று ஆட்டினேன். "அப்ப இன்னா? பசிக்குதா பிள்ளைக்கு?" பிஸ்கட்டை எடுத்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், "சார் நகருங்க, மழ புடிச்சிக்கப் போவுது", நகர்ந்தார், முதல் இரும்பைப் பிடித்துவிட்டார். போகட்டும், ஈர முடிச்சு இறுகத்தான் செய்யும், அவிழாது, ஈரப் புடவையை அவிழ்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா, துவைக்கிறவள்தானே. அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது பார்க்கிறேன், முடிச்சிலிருந்து வெளியே நிற்கிற வால் முன்னே கட்டைவிரல் நீளம் இருந்தது. இப்போது நகக்கண் அளவுதான் இருக்கிறது. இல்லை, அப்படியேதான் இருக்கிறது. இல்லை. இவர் வலது கையைத் தூக்குகிறார், முதுகு முறுக்குகிறது, வால் உள்ளே போகிறது. இவர் காலை எடுத்து வைக்கிறார், பிள்ளை ஒரு விரற்கடை கீழே இறங்குகிறான். தூங்கவில்லை. கன்னத்தை அப்பா முதுகில் வைத்து இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான், எனக்குப் பின்மண்டை மட்டும் தெரிகிறது, ஈரத்தில் ஒட்டின முடி, சுழி. சங்கிலியின் கண்ணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அதைப் பார்க்கிறான். ஒரு கால் புடவையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அந்தக் காலுக்குக் கீழே வெள்ளை.

எட்ட முடியாது. நான் இரண்டு இரும்பு கீழே நிற்கிறேன், ஒரு கையை விட்டு நீட்டினால் அவன் பாதத்துக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு முழம் காற்று. வேட்டியை இழுக்கலாமா, இழுத்தால் அவர் கால் தவறுமா. சங்கிலியை ஆட்டுகிறேன். ஒரு தரம், இன்னொரு தரம், பலமாக. "சங்கிலிய எவன்டா ஆட்றது, மேல ஆளு இருக்குதில்ல" என்று மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் திட்டுகிறது. இவரும் கத்துகிறார், "ஆட்டாதீங்கப்பா, பிள்ள இருக்குது!" பிள்ளை இருக்கிறது என்பதால் ஆட்டாதீர்களாம். அவர் அடுத்த இரும்புக்குக் கையைத் தூக்குகிறார். தூக்காதீர்கள். தூக்காதீர்கள். பேசினால் பேச்சு போகும். பேசாவிட்டால் பிள்ளை போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் மனசு அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது, முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி, இன்னொரு இரும்பு தாண்டினால் அகலமான பாறை தெரிகிறது, அதுவரை தாங்குமே, தாங்கினால் இலையும் மிஞ்சும் பிள்ளையும் மிஞ்சுவான், அப்புறம் அவன் அம்மா என்பான், அவன் அம்மா என்பதற்காக அவனை ஒரு இரும்பு தூரம் பணயம் வைக்கலாமா, வைத்துப் பார்க்கலாமா, வைத்துப் பார்க்க நினைக்கிறேனே, நான் என்ன ஜென்மம், வால் முழுசாக உள்ளே போய்விட்டது.

"ருத்விக்!"

என் குரலா அது. தகரத்தைக் கிழித்த மாதிரி. புருஷனை அல்லவா கூப்பிட வேண்டும், பிள்ளையைக் கூப்பிட்டு என்ன செய்ய, ஆனால் அதுதான் வந்தது. இலை உதட்டில் ஒட்டி, காற்றில் ஒரு தடவை சுழன்று, பச்சையாகக் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு இல்லை. "முடிச்சு அவுருதுங்க! கையப் பின்னால குடுங்க, பிள்ளையப் புடிங்க, ஏறாதீங்க, ஏறாதீங்க!" அவர் உறைந்து நின்றார். பிறகு மார்பைப் பாறையில் அழுத்திக்கொண்டு ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்தார், அந்தக் கை தடவித் தடவி பிள்ளையின் புட்டத்தைக் கண்டுபிடித்து ஏந்திக்கொண்டது, அதே நொடி புடவை தளர்ந்து ஒரு பக்கம் சரிந்து தொங்கிற்று. "புடிச்சிட்டேன். புடிச்சிட்டேன்டி. புடிச்சிட்டேன்."   செய்யாறுக்காரர், "அப்படியே நில்லுங்க சார், அசையாதீங்க, அம்மா நீங்க மெதுவா மேல போங்க" என்கிறார். காலையிலிருந்து முதல் தடவையாக அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து, கத்தாமல், யாரோ செத்த வீட்டில் பேசுகிற மாதிரி, "பேசிட்டியேடி" என்றார்.

"பிள்ள விழ இருந்துச்சு அண்ணி."

"நான் பாக்கலியா? எனக்கு மட்டும் இன்னா கல்லு நெஞ்சா? ஆனா போச்சே. இலை போச்சே. இப்ப எறங்கி அம்மன் கோயில்லேர்ந்து திரும்ப ஏறணும், இல்லன்னா அவ்ளோதான்."

"யக்கா, வுடு. யாரு கேட்டா?" என்றார் இவர், பாறையில் முகத்தை வைத்தபடி.

"மலை கேட்டுச்சே, தம்பி."

மலை கேட்டது. செய்யாறுக்காரர் கேட்டார், சங்கிலிக்காகத் திட்டினவன் கேட்டான், மூட்டத்துக்குள் முகம் தெரியாத எல்லோரும் கேட்டு நின்றுவிட்டார்கள், எனக்கு மேலே ஒருவர் குனிந்து பார்க்கிறார், எல்லோரும் என் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஒரு முழ தூரத்தில் அந்தச் சுழி மட்டும் அப்படியே இருக்கிறது. பின்மண்டை. ஈர முடி. திரும்பவில்லை. தகரம் கிழிகிற மாதிரி அவன் பெயரை அவன் அம்மா கத்தினாள், அவன் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பயந்து உறைந்துபோனானோ, இல்லை, விரலை நீட்டிச் சொட்டை ஏந்துகிறான். இங்கே எவர்சில்வர் டம்ளர் இல்லை. நிழல் இல்லை, வெயிலே இல்லை. பூனை இல்லை. நான் அவனைத் தொடவில்லை. "ருத்விக்" என்றேன். "ருத்து. டேய். கண்ணா. இங்க பாரு. ருத்விக்!" இவர், "அதான் புடிச்சிட்டேனே, ஏன் இன்னும் கத்தற" என்கிறார். "நீங்க கூப்புடுங்க." "இன்னாது?" "கூப்புடுங்க அவன." "டேய் ருத்து" என்றார் தோளுக்கு மேலே, அந்தக் கேலிக் குரலில், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. மறுபடி "ருத்து." மூன்றாம் தடவை குரலில் கேலி இல்லை. அப்போது மூட்டம் முழுவதும் வெள்ளையாக எரிந்தது, ஒவ்வொரு கடப்பாரையும் தனித்தனியாகக் கறுப்பாகத் தெரிந்தது, பிள்ளையின் விரல் சொட்டை விட்டு நிமிர்ந்து வெளிச்சத்தைக் காட்டிற்று. பின்னாலேயே இடி. எனக்கு முதுகு சுருண்டது, அண்ணி என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தார், செய்யாறுக்காரர் "யம்மா" என்றார், கீழே ஏதோ குழந்தை வீறிட்டது. அந்தச் சின்ன விரல் நடுங்கவில்லை. வெளிச்சம் இருந்து அணைந்த இடத்தையே, இன்னும் ஒன்று வருமா என்று, காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி. அவனுக்குக் காது கேக்கல."

"வாயக் கழுவுடி. சாமி எடத்துல நின்னுக்கினு."

"கேக்கல அண்ணி. பொறந்ததுலேர்ந்தே கேட்டிருக்காது. நான் பேசினாலும் பேசாட்டியும் அவனுக்கு ஒண்ணுதான்."

 என் கணுக்காலைப் பிடித்த அண்ணியின் கை விடவில்லை, இறுகிற்று. இவர் பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டிருக்கிறார், தோள் குலுங்குகிறது, குலுங்காதீர்கள், பிள்ளை இருக்கிறான். மேலே போக வேண்டும். ஒரு இரும்பு. சங்கிலி. கால். அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை, வாய் மட்டும் மூட மாட்டேன் என்கிறது, காலையிலிருந்து மூடியிருந்த வாய், இப்போது அது பாட்டுக்கு அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, ருத்விக், ருத்விக், நிறுத்தத் தெரியவில்லை, நிறுத்தினால் அந்த வார்த்தை உள்ளே வந்து உட்கார்ந்துவிடும், வந்தாயிற்று, உட்கார்ந்தாயிற்று, இருந்தும் கூப்பிடுகிறேன், மூட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு நான் கத்துவது என்னவாகக் கேட்டதோ, யாரோ மேலே "அரோகரா" என்றான், கீழே நாலைந்து பேர் "அரோகரா" என்றார்கள், முகமில்லாத தொண்டைகள் எல்லாம் சேர்ந்துகொண்டு அந்த ஒடுங்கின பாறை முழுக்க அரோகரா, அதற்கு நடுவில் என் ருத்விக், ஒன்றுக்கொன்று பதில் போல. இன்னொரு இரும்பு. அவர் பக்கத்தில் வந்துவிட்டேன். என் மார்பால் பிள்ளையை அவர் முதுகோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, ஒரு கையால் சங்கிலி, ஒரு கையால் சரிந்த புடவை. என் சூடு பட்டதும் திரும்பினான். கண்ணில் மழை. என்னைப் பார்த்ததும் சிரித்தான். நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். அவன் என் வாயையே பார்த்தான், எவ்வளவு பெரியதாகத் திறந்திருக்கிறது என்று ஆச்சரியத்தோடு பார்த்தான், பிறகு புது விளையாட்டுப் போல, தன்னுடைய வாயையும் முடிந்தவரை அகலமாகத் திறந்தான். உள் நாக்குவரை தெரிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.